இடது பட்டனில் ஒரு ஐஸ் குச்சி

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் ப்ரெஸ் மெஷின் ஓட்டினேன். பிறகு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையின் கயிறு நீலத்திலிருந்து சிவப்பாக மாறியது. கயிற்றைத் தவிர வேறெதுவும் என்னிடம் மாறவில்லை என்பதை நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

பதவியோடு ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் தலைமைப் பண்பு வகுப்பு. கோட்டு போட்ட ஒருவர் எங்களை வட்டமாக நிற்கவைத்து, பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னார். நல்ல தலைவர் தன் ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவார் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். மதியம் போட்ட வெஜிடபிள் பிரியாணி நன்றாக இருந்தது.

எங்கள் மெஷினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு பச்சை பட்டன்கள், ஒன்று இடது ஓரம், ஒன்று வலது ஓரம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஐஸ் குச்சியை இரண்டாக உடைத்து இடது பட்டனின் வளையத்தில் சொருகிவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும். வலது கையால் அழுத்திக்கொண்டே இடது கையால் அடுத்த தகட்டை வைத்துவிடலாம். வேலை பறக்கும்.

அதைக் கண்டுபிடித்தது நான்தான். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தேன். தினக் கணக்கு எழுதும் போர்டில் என் பெயருக்கு நேராக இருந்த எண்ணிக்கையை ஒருவராலும் தாண்ட முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் பதவி கொடுத்தார்கள்.

சூப்பர்வைசராக நான் செய்த முதல் வேலை சுவரில் நோட்டீஸ் ஒட்டியது. பாதுகாப்பு பட்டனில் கைவரிசை காட்டுபவர் அன்றே வேலையை விட்டு அனுப்பப்படுவார் என்று என் கையாலேயே எழுதினேன். ஒட்டிவிட்டுத் திரும்பியபோது எந்த மெஷினின் இடது பக்கத்தையும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை இறங்கிவிடும்.

மூன்றாவது வாரம், காலை பத்து மணி. மூன்றாம் நம்பர் மெஷினில் என் சிநேகிதி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருடமாக ஒரே ரயிலில் வருகிறோம். நான் பட்டாபிராமில் ஏறிப் பையை வைத்து இடம் பிடிப்பேன், அவள் ஆவடியில் ஏறுவாள். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். மெஷினுக்குள் ஒரு தகட்டுத் துண்டு சிக்கியிருந்தது. அவள் இடது கையை முழுக்க உள்ளே விட்டு அதை நெம்பிக்கொண்டிருந்தாள். வலது கை பட்டன் மேலேயே இருந்தது. இடது பட்டனில் குச்சி.

கூப்பிட முடியாது. ப்ரெஸ் ஓட்டுபவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திடுக்கிட்டு அழுத்திவிடுவார். சுவரோரமாக நடந்துபோய் மெயின் சுவிட்சை இழுத்தேன். கம்பெனியே அடங்கிப்போனது.

“இன்னாக்கா, கரண்ட்டு பூட்ச்சா?” என்றாள்.

“கைய வெளிய எடு மொதல்ல.” குச்சியை உருவினேன். “விரல் போயிருக்கும்டி.”

“இது இன்னாக்கா புச்சா சொல்ற. நீ சொல்லிக் குட்த்ததுதான?” யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள்.

சத்தம் நின்றதும் மேனேஜர் கேபினிலிருந்து வந்துவிட்டார். “யாரும்மா மெயினை நிறுத்துனது? ஒரு மணிக்கு லோடு வண்டி வருது, தெரியும்ல?”

“நான்தான் சார்.”

கையை மூடிக்கொண்டேன். குச்சியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இவங்கள மாதிரி ஒழுங்கா வேலை செஞ்சு போர்டுல பேர் வாங்கணும். குச்சி வெச்சு இல்ல,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் காட்டிச் சொன்னார். பிறகு என்னிடம், “நோட்டீஸ் ஒட்டியிருக்கோம். இன்னைக்கே அனுப்பணும். நீதான் சூப்பர்வைசர், நீயே சொல்லும்மா,” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் சூப்பர்வைசர் ஆனதற்கு என் வீட்டுக்காரர் தெரு முழுக்க லட்டு கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் அதுதான் ஞாபகம் வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கையுறையின் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சும்மா இருந்தால் அவளும் சும்மா போய்விடுவாள்.

“சார்,” என்றேன் கடைசியில். “குச்சி வைக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். போர்டுல இருக்கற கணக்கும் குச்சி வெச்சு அடிச்சதுதான்.”

அவர் வெகுநேரம் போர்டைப் பார்த்தார். “வண்டி போனப்புறம் கேபினுக்கு வா,” என்றார். அவர் பேச்சில் இருந்த ‘ம்மா’ போய்விட்டிருந்தது.

எல்லா மெஷினிலிருந்தும் குச்சிகளை உருவினேன். எட்டு தேறியது. அதன்பிறகு மெயினைப் போட்டு, மூன்றாம் நம்பர் பக்கத்திலேயே நின்று, அவள் இரண்டு கையாலும் அழுத்த அழுத்த ஒவ்வொரு துண்டாக எண்ணினேன். வண்டி பாதி சரக்கோடு போனது. சாயங்காலம் கேபினில் மேனேஜர் கத்தவில்லை. அவளை அனுப்பவில்லை என்றார். என் சிவப்புக் கயிறு இந்த மாதம் முடியும்வரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். போர்டில் என் கணக்கை அழித்துவிட்டு இன்றைய கணக்கை எழுதச் சொன்னார். எழுதினேன்.

பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினோம். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அண்ணனூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“காலைல வாய தொறக்காம எவ்ளோ நேரம் நின்ன, தெரியுமாக்கா?”

“தெரியல.”

“எட்டு பீஸ் அடிக்கற நேரம்.”

பேச்சை லேசாக்கலாம் என்று, “குச்சியோடவா?” என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. “குச்சி இல்லாமக்கா,” என்றாள். ஆவடி வந்தது, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

குச்சி இல்லாமல் எட்டு பீஸ் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று பக்கத்தில் நின்று எண்ணியது நான்தான்.