டீ கிளாஸில் வெட்டிய பெயர்

என் வீட்டுக்காரர் டீ குடித்த கிளாஸ் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. அடி கனமான, சாதாரண கிளாஸ்தான். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கிளாஸ் வீட்டில் உண்டு. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னக் குமிழ் தெரியும். அதை வைத்துத்தான் நான் அடையாளம் கண்டுகொள்வேன். விருந்தாளி யார் வந்தாலும் அதிலும் டீ போய்விடும். கை தவறிப் போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பதறும். இதை எடுக்காதீர்கள் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

போன மாதம் என் மருமகள் தன் தங்கை கல்யாணத்துக்குக் கொடுப்பதற்காகக் கண்ணாடி டம்ளர்களில் பெயர் பதித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கரில் எழுத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஸ்டிக்கரை டம்ளரில் ஒட்டி, மேலே வெள்ளைக் களிம்பு பூசுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவினால் எழுத்து இருந்த இடம் மட்டும் பனி படிந்த மாதிரி வெளுத்திருக்கும். அழியவே அழியாதாம். பாத்திரக்கடையில் குடத்துக்குப் பேர் வெட்டுவது போலத்தான். டொக்டொக்கென்ற சத்தம்தான் இல்லை.

தயங்கித் தயங்கி அந்தக் கிளாஸைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா பேரா அத்தே? சொல்லுங்க, வெட்டுவோம்."

பெயர் அவளுக்குத் தெரியாதா? வேண்டுமென்றேதான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னும் என்னத்த வெக்கம்? அவுக வந்து வையவா போறாக?"

சொல்ல மாட்டேன், எழுதுகிறேன் என்று பிளேடை வாங்கிக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் நான். ரேஷன் கடையிலும் பேங்கிலும் கையெழுத்துப் போடும்போது அவர் பெயரின் முதல் எழுத்தை என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். முழுப்பெயரை எழுதியதே இல்லை. நாலே எழுத்து. ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட அவர் முகம் வந்து நின்றது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வருவார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் மயில்துத்த நீலம் போகாது. அந்த நீல விரல்களால் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொடிப் பந்தலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

மருமகள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். புதுக் காரியமாயிற்றே என்று நான் சந்தனம் தொட்டு, கிளாஸில் வரிசையாக மூன்று பொட்டு வைத்தேன். எதைத் தொடங்கினாலும் அப்படி வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அதன்மேலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். அவள் வந்து கையுறை மாட்டிக் களிம்பைப் பூசினாள்.

கழுவி எடுத்தபோது எழுத்தையே காணோம். சந்தனம் இருந்த இடங்களில் ஸ்டிக்கர் படியாமல், களிம்பு அடியில் புகுந்து, நாலு எழுத்தும் ஒரே வெள்ளைத் திட்டாகக் கிடந்தன.

தேய்த்தால் போகுமா என்று கேட்டேன். போகாது என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று துவைக்கிற கல் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். டீத் தட்டில் அந்தக் கிளாஸ் இல்லை. கழுவாத கிளாஸ் என்று நினைத்துவிடுவார்கள் என்று மருமகள் தனியாக எடுத்துவைத்திருந்தாள். அவர்கள் போன பிறகு அதில் டீ ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"இனி இது உங்களுக்குத்தான் அத்தே. வேற ஆருக்கும் இதுல ஊத்த மாட்டேன்."

எத்தனையோ வருஷம் அதைக் கழுவியிருக்கிறேன், டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் அதில் குடித்ததில்லை. வெள்ளைத் திட்டு பெருவிரலில் சொரசொரவென்று பட்டது. டீ ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு குடித்தேன்.