கழுவக் கழுவ

ஷேர் ஆட்டோவில் நான் ஓரத்தில்தான் உட்காருவேன். ஓரத்தில் இடம் இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு நிற்பேன். கள்ளிக்குப்பத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் காலை வண்டிகளில் ஓரம் கிடைப்பது லேசில்லை. நின்று நின்று வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஒரு டிரைவருக்கு என் பழக்கம் தெரிந்துவிட்டது. "ஓரம் காலி கீது, ஏறிக்கோமா" என்று தூரத்திலிருந்தே கூப்பிடுவார். காற்று வாங்க எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு வேண்டியது வேறு. என் ஒரு பக்கத்திலாவது ஆள் இருக்கக் கூடாது.

எனக்கு வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது. அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வந்ததில் மீன் கழுவிய தண்ணீர் போல ஒரு நாற்றம் இருந்தது. முதலில் மாதவிலக்கு முடிந்த பிறகு சில நாள் இருந்து போனது. பிறகு அடிக்கடி வந்தது. போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது ஒரு நாள் வேலைக்கு நடுவில் மறுபடியும் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து என் காதில் எதுவும் விழாது. யாருக்குத் தெரிகிறது, யார் மூக்கைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பதே வேலையாகிவிடும்.

அடுத்தவருக்கும் அது தெரிகிறதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவேயில்லை. அதை யாரிடம் கேட்பது? கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இருக்கும் ஒரே மகளையும் குமணன்சாவடியில் கட்டிக் கொடுத்துவிட்டேன். பக்கத்துப் போர்ஷனில் இருப்பவர்களிடம் தண்ணீர் மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்பதோடு சரி.

நான் வேலை செய்யும் இடத்தில் வண்டிகளுக்கான சின்னச் சின்ன ரப்பர் வாஷர்களை எண்ணி கவரில் போட்டு ஒட்டுவோம். எல்லோரும் பெண்கள். மதியம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருவர் குழம்பில் இன்னொருவர் கை போகும். யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அந்த வட்டத்தில் தெரிந்துவிடும். ஒரு நாள், என்னைவிடச் சின்னவள், வட்டத்தில் என் பக்கத்தில் உட்காருபவள், சோற்றில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, யாரையாவது ஆஸ்பத்திரில வச்சுகினு கீறியா?"

"இல்லியே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் அப்படிக் கேட்பதில்லை. நாற்றம் அவளுக்கு வந்துவிட்டது, நேராகச் சொல்லக் கூசிக்கொண்டு வியாதியா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது என்றேன்.

"ஸ்டூலு போட்டு மகாராணி மாதிரி துன்றா பாரு. எங்க கொழம்பு இனிமே வோணாமா உனுக்கு?" என்றாள் வட்டத்தில் மூத்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சில நாள் வரைக்கும் ஒருத்தி எழுந்து வந்து என் மூடியில் கொஞ்சம் குழம்பு ஊற்றிவிட்டுப் போவாள். பிறகு அதுவும் நின்றது. அவர்கள் மேல் தப்பில்லை. வட்டத்தில் இடம் விட்டால்தான் காலியாக இருக்கும். நெருக்கி உட்கார்ந்துவிட்டால் வட்டம் வட்டம்தான்.

நான் ஸ்டூலுக்குப் போவதற்கு ரொம்ப நாள் முன்பே, வெள்ளைப்படுவதைப் பற்றி அந்த வட்டத்தில் ஒரு தடவை பேச்சு வந்திருந்தது. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றி. எலும்பு உருகி ஊற்றுகிறது என்றாள் ஒருத்தி. சூடு, வெந்தயத்தை ஊற வைத்து முழுங்கினால் நிற்கும் என்றாள் இன்னொருத்தி. சுத்தமாக இல்லாதவளுக்குத்தான் அதெல்லாம் வரும் என்றாள் மூத்தவள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனதில் கடைசியாகச் சொன்னதுதான் ஒட்டிக்கொண்டது.

அதனால் சுத்தம் செய்தேன். காயம் கழுவ வாங்குவார்களே, பழுப்பு நிறத்தில் இருக்கும், தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும், அந்த மருந்தை மூடியில் ஊற்றிச் சுடுதண்ணீரில் கலந்து காலையிலும் மாலையிலும் உள்ளே வரைக்கும் கழுவினேன். எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரி என்று கேட்ட நாளிலிருந்து இன்னொரு மூடி சேர்த்து ஊற்றினேன். அதற்கு மேல் சோப்பும் போட்டேன். உள்ளாடைகளையும் அதே மருந்தில் ஊற வைத்துத் துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் உள்பாவாடைக்கு அடியில் மறைத்துப் போடுவேன். மற்ற போர்ஷன்களில் இருக்கும் ஆண்கள் மாடிக்கு வந்து போவார்கள். வெயில் படாத துணி எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கும். அப்படியே உடுத்திக்கொள்வேன்.

தாங்க முடியாதபோது மருந்துக் கடைக்குப் போவேன். எங்கள் தெருக் கடைக்கு அல்ல, இரண்டு தெரு தள்ளி. முதல் தடவை கடைக்காரரிடம் "லேடீஸ் பிரச்சினை" என்று மட்டும் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் மாத்திரை கொடுத்தார். அதன் பிறகு காலி அட்டையைக் கண்ணாடி மேசை மேல் வைத்தால் போதும். இரண்டோ மூன்றோ மாத்திரை வெட்டி, கறுப்பு கவரில் போட்டுத் தருவார். நாற்றம் குறைந்ததும் மீதியை விட்டுவிடுவேன். கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் உண்டானாள். வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஊரில் உள்ள தாய்மார்களெல்லாம் காத்திருக்கிற நாள் அது. எனக்கோ அது வராமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. என் வீடு ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. அவள் என் பக்கத்தில்தான் படுப்பாள். சின்ன வயதிலிருந்து என் மேல் காலைப் போட்டுத் தூங்கிய பெண். நாளைக்குப் பிறக்கும் குழந்தையை என் மடியில்தான் போடுவார்கள். இந்த உடம்போடு எப்படி அவர்கள் பக்கத்தில் இருப்பேன்?

அவள் வந்த அன்றே என் பாயைச் சமையல் தடுப்புக்கு அந்தப் பக்கம் விரித்தேன்.

"அங்க ஏம்மா படுக்கற? ஈரமா கீதே."

"உனக்கு ஃபேன் காத்து நல்லா வரட்டும்."

"நீயும் வந்து படு. காத்து இன்னா ரேஷன்லயா தராங்க."

போகவில்லை. அவள் திரும்பிப் படுக்கும்போது கை நிறையப் போட்ட கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதுகு பிடித்துவிடச் சொன்னால் நின்றபடியே பிடித்துவிட்டு விலகிவிடுவேன். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் வந்தது உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடும்மா. எங்க அத்தை ஊட்டுக்கே போய்க்கிறேன்."

"லூசு மாதிரி பேசாத. சாப்பிடு" என்றேன்.

அந்த வாரம் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எழுதிக்கொண்டே, "வெள்ளைப்படுதா? நாத்தம், அரிப்பு எதுவும் இருக்கா?" என்று கேட்டார். மகள், "இல்ல மேடம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். இரண்டு வருடமாக என் வாயில் வராத வார்த்தைகளை அவர் சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு அங்கே போனேன். பெஞ்சு முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு சின்னப் பெண்கள். நர்ஸம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னாமா, பொண்ணு வரலியா?"

"எனக்குத்தான் பார்க்கணும்."

"உனக்கா? நீயும் முழுகாம கீறியா?"

பெஞ்சு சிரித்தது. ஒருத்தி, "இருந்தா இன்னாக்கா, அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணாவே தொட்டில் கட்டிடலாம்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேன். சிரித்துவிட்டு உடனே எழுந்து போக முடியவில்லை.

உள்ளே போனதும் டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். படுக்க வைத்துப் பார்த்தார். ஒரு சின்ன காகிதப் பட்டையில் தொட்டு, அதன் நிறம் மாறுவதைப் பார்த்தார்.

"எதை வச்சுக் கழுவறீங்க?"

சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது அழுக்கு இல்லம்மா. அந்த இடத்துல நல்ல கிருமிங்க இருக்கு. அதுங்க கொஞ்சம் புளிப்பை உண்டாக்கி வச்சிருக்கும். அந்தப் புளிப்புதான் காவல். சோப்பு, மருந்து எல்லாம் போட்டுக் கழுவினா காவல் போயிடும். கெட்டது பெருகிடும். நாத்தம் வந்தா நீங்க இன்னும் கழுவுவீங்க."

கொதிக்கிற பாலில் உறை மோரை ஊற்றினால் தயிர் ஆகாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் உடம்பிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை வயதுக்கு மேல்தான் யாரோ சொல்லிக் கேட்டேன்.

மாத்திரையை நாற்றம் நின்றாலும் விடாமல் முழுதாகச் சாப்பிடச் சொன்னார். வெளியே மட்டும் வெறும் தண்ணீர், உள்ளே எதுவும் கூடாது. துணியை வெயிலில் காய வைக்க வேண்டும். "மாதவிலக்கு நிக்கப்போற வயசு. அதனாலயும் அந்தப் புளிப்பு குறையும். திரும்பவும் வரலாம். வந்தா இங்க வாங்க. அட்டையைக் காட்டி வாங்காதீங்க" என்றார்.

மாத்திரை கசந்தது, வாயெல்லாம் இரும்பு ருசி. அதைவிடக் கஷ்டம் கழுவாமல் இருப்பது. குளியலறையில் அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் கை போகும். கடைசியில் எடுத்துப்போய் வாசல் கழுவுகிற தண்ணீரில் ஊற்றித் தீர்த்தேன்.

மகள் தன் உள்ளாடைகளை மாடிக் கொடியில் கிளிப் போட்டு நேராகக் காயப் போடுவாள். முன்பெல்லாம் நான் பின்னாலேயே போய் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு வருவேன். அவள் போய்த் துண்டை எடுத்துவிடுவாள். அந்த வாரம் நான் மூடவில்லை. என்னுடையதையும் அதன் பக்கத்தில் போட்டேன். போட்டுவிட்டு உச்சி வெயிலில் மாடியிலேயே காவல் நின்றேன். யாரும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் போயிருந்தது. மகள் தலைவாரிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னிக்கொண்டிருக்கும்போது அப்படியே சாய்ந்து தலையை என் மடியில் வைத்துவிட்டாள்.

"உன் மேல அந்த வாடை இல்லியேம்மா இப்ப" என்றாள்.

"எந்த வாடை?"

"ஆஸ்பத்திரி வாடை. காயம் கழுவுற மருந்து மாதிரி. பக்கத்துல வந்தாலே எனக்குக் குமட்டிகினு வரும். நீ ஏதோ பெரிய வியாதிய வச்சுகினு மறைக்கிறன்னு நெனச்சேன். அதான் தள்ளிப் படுக்கறன்னு."

ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்ட நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் யாரையாவது வைத்திருக்கிறாயா என்று அந்தப் பெண் உண்மையாகவே கேட்டிருக்கிறாள்.

"வேற நாத்தம் எதுனா வந்துச்சா?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

"இல்லியே. எது மாதிரி?"

சொன்னேன். பின்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் முடித்த பிறகு மடியிலிருந்து எழாமல் சொன்னாள்.

"எனக்கும் வந்துச்சும்மா. கல்யாணம் ஆன புதுசுல."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்ட சொல்றது? அத்தைகிட்டயா? அவர் ஏதோ கேட்டாரு, அதுல இருந்து ஒரு மாசம் ஹால்லயே படுத்துகினேன். அப்புறம் பக்கத்து ஊட்டு அக்கா டாக்டர்கிட்ட கூட்டினு போனாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ எதையாவது சொல்லியிருக்கியா எங்கிட்ட?"

குமணன்சாவடியில் அவள் ஹாலில் தனியாகப் படுத்திருந்த அதே நாட்களில் நான் இங்கே மூடி மூடியாக ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டி ஏறினால் அரை மணி நேரத் தூரம் கூட இல்லை. பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டேன். அன்றைக்கு என் பாயை அவள் பக்கத்துக்கு எடுத்து வந்தேன். தூக்கத்தில் அவள் கால் என் மேல் விழுந்தது. கனமாக இருந்தது. நகர்த்தவில்லை.

பேத்தி பிறந்தாள். மாதங்கள் ஓடின. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் குமணன்சாவடிக்குப் போய்விட்டாள். அறை மறுபடியும் பெரிதாகிவிட்டது. மழைக்காலத்தில் அது எனக்குத் திரும்ப வந்தது. தெரிந்த உடனே பழைய பயம் அப்படியே வந்தது, கால் முதல் தலை வரை. மருந்துக் கடை இருக்கும் தெரு வரைக்கும் போய்விட்டேன். அங்கேயே நின்று மகளுக்கு போன் செய்தேன்.

"வந்துடுச்சு" என்றேன்.

"சரி. நாளைக்குக் காலைல போய்ப் பாரு. பாட்டில் எதுனா வாங்கினியா?"

"இல்ல."

"வாங்காத" என்றாள். பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள். நான் கடைக்குப் போகாமல் திரும்பினேன்.

இப்போது மதியம் ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் வட்டத்தில் என் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உட்காருகிறாள். தள்ளி உட்காரு என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இன்று காலை ஓரம் காலியாக இருந்த வண்டி ஒன்று வந்தது. அதற்கு முன்னால் நின்ற வண்டியில் நடுவில் மட்டும் இடம் இருந்தது. அதில் ஏறினேன். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். அவர்கள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. தொழிற்பேட்டை வரைக்கும் நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இருவரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.