புளிப்பு பீரும் பன்றி வறுவலும்

சுங்கைப் பட்டாணியில் நான் சமைக்கும் உணவகத்துக்குப் வேண்டுமென்றே புளிக்கவைத்துக் காய்ச்சும் புளிப்பு பீர் விற்க வந்தவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். குட்டை முடி, காலில் தேய்ந்த சப்பாத்து. எந்தக் கறி அதற்குப் பொருந்தும் என்று பார்க்க, ஒவ்வொரு மிடறுக்குப் பிறகும் சுடுநீரால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் அடுத்த கறியைத் தொடுவார். சாம்பாரோடு குடித்துப் பார்த்து, "ரெண்டு புளிப்பும் சண்டை போடுதுக்கா," என்று தள்ளி வைத்தார். எண்ணெய் மிதந்த பன்றி வறுவலைத்தான் கடைசியில் ஒப்புக்கொண்டார். "கொழுப்பை இது கழுவி விட்டுடுது."

ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் கெட்டுப்போன பீர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் ஒருவராவது இரண்டாவது டின் கேட்காவிட்டால் பெட்டிகளை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி.

சிடாம் கிரி தோட்டத்திலிருந்து வரும் லாரிக்காரர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "புளிச்சுப் போச்சும்மா. மாத்திக் கொடு."

"தோட்டத்துல கள்ளு குடிச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"குடிக்காம என்ன?"

"சாயங்காலக் கள்ளு புளிக்குமே, கொட்டிடுவீங்களா?"

"கருவாடு வச்சுக்கிட்டுக் குடிப்போம்லா."

"அப்ப இதுக்கு இந்த வறுவல வச்சுக்குங்க. முதல்ல கறி, அப்புறம் பீர்."

அவர் மென்றார், குடித்தார், மறுபடியும் மென்றார். நான் அடுப்படிக் கதவோரம் நின்று பார்த்தேன்.

"கள்ளு அளவுக்கு இல்ல," என்றார். பிறகு காலி டின்னைத் தள்ளிவிட்டு, "இன்னொண்ணு கொடு."

அந்தப் பெண் சிரிக்கக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்து, "நாளைக்கு என்ன கறிக்கா?" என்றார்.

அவருக்கே அந்தப் பீர் பிடிக்குமா என்று கேட்க நினைத்தேன். இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.