அவருக்கென்று பாடியது

கல்யாணமாகி இரண்டே மாதத்தில் என் வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். முதல் சம்பளத்தில் எனக்கென்று ஒரு போன் அனுப்பினார். மணி அடித்தால் ஊரைக் கூட்டுகிற சீனா போன். வந்த நாளிலிருந்து அது என் மாமியார் இடுப்பில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மகன் கூப்பிடுவார். மாமியார் பேசி முடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். நீட்டிவிட்டு, முட்டியோடு முட்டி இடிக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். சாப்பிட்டீங்களா, அங்கே வெயிலா, இவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர், "சமைக்கும்போது இன்னாவோ பாடிக்கினு இருப்பியே, அதை ஒரு வாட்டி பாடு மே. தூக்கமே வரமாட்டேங்குது" என்றார். மாமியாரை வைத்துக்கொண்டு எங்கே பாடுவது? "சரிங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாமியார் ரேஷனுக்குப் போன ஒரு பகலில் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். நானே கட்டிய பாட்டைப் பாடி அதில் பதிந்தேன்.

"அனுப்பின வளையலு ரெண்டு பவுனு ராசா,
அதுங்கிட்டப் பேசினா பதில் சொல்லுமா ராசா?
உங்கம்மா இடுப்புல உன் போனு தூங்குது,
என் வாயில உன் பேச்சு பாதியில நிக்குது."

இன்னும் நாலு அடி உண்டு. புருஷனைத் தவிர வேறு யாரும் கேட்கக் கூடாத அடிகள். அவற்றை இங்கே எழுத மாட்டேன். ஊருக்கே தெரிந்துபோனதுதான், இருந்தாலும் மாட்டேன்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குவைத்துக்குக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். பாட்டு பதிந்திருந்த மெமரி சிப்பைப் போனிலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்தனுப்புவது என்று முடிவு செய்தேன். மாமியாருக்குப் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் தெரியும். சிப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே ஒரு பாட்டோடு அனுப்பினால் வீணாயிற்றே என்று, சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் முப்பது ரூபாய் கொடுத்து இருநூறு சினிமாப் பாட்டு ஏற்றிக்கொண்டேன். அதில் பாடினவர்களுக்கு என்ன போகும் என்று என் புத்தியில் ஏறவே இல்லை. பாட்டு மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

சிப்பு வாங்கிக்கொண்டவருக்கு விசாவுக்கான மெடிக்கலில் ஏதோ சிக்கல். பயணம் தள்ளித் தள்ளிப் போனது.

ஒன்றரை மாதம் கழித்து, திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்காக மாமியாரும் நானும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பாகாலா தாண்டியதும் முன் சீட்டுக்காரர் போனில் பாட்டு வைத்தார். என் குரல். பின்னாலேயே எங்கள் குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தம். "யாரோ நல்லா பாடறாளே" என்று மாமியார் முன்னால் சாய்ந்து காது கொடுத்தார். முதல் இரண்டு அடி முடிந்தது. அடுத்தது அவருடைய இடுப்பு! வேறு வழி தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தேன்.

பஸ் நின்றது. டிரைவர் தெலுங்கில் திட்டினார். முன் சீட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அப்பாடா என்று நிமிர்ந்தால், மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் மகன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"எத்தினி நாளாச்சு?" என்றார்.

"இன்னாது அத்தை?"

"நாள் தள்ளிப்போச்சான்னு கேக்கறேன்."

அட கடவுளே! பாட்டைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய மானம் போகும். "வெயில் அத்தை, பித்தம்" என்றேன். நம்பவில்லை. கல்யாணப் பந்தியிலும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் நான் வீட்டுக்குத் தூரமான பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வாழ்நாளில் அந்த மூன்று நாளுக்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும், பாட்டு ஏற்றிய அந்தக் கடைக்குப் போனேன். கோபத்தில் என் உடம்பெல்லாம் எரிந்தது.

"என் தங்கச்சி பாடினது உங்க கம்ப்யூட்டர்ல கீதாம். யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று தங்கச்சி தலையில் போட்டுக் கேட்டேன்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எவரைன்னு கேக்கறது அக்கா? வர்ற சிப்புல இருக்கறதை நான் எடுத்துக்குவேன், என்கிட்ட இருக்கறதை ஏத்தித் தருவேன். கடையே அப்படித்தான் நடக்குது. நான் வாங்கறது ஏத்தற கூலி, பாட்டுக்குக் காசில்ல. இத்தினி வருஷத்துல பாட்டு என்னுதுன்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். எந்தப் பாட்டு, சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? அவரே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். கடை வாசலில் நாலு ஆம்பளைகள். என் பாட்டு வந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடைசி அடிவரை கேட்டார்கள். நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். "இதுவா! இதுக்குத்தான் இப்ப கிராக்கி" என்று சொல்லி, கடைக்காரர் என் கண் எதிரிலேயே அழித்தார். "இங்க அழிச்சாச்சு அக்கா. ஊர்ல இருக்கறதை நான் எப்படி அழிக்கறது?"

நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டக்கூட வாய் வரவில்லை. அவருக்கு முப்பது ரூபாய் கொடுத்தவளும் நான்தானே.

மாம்பழக் காலம் வந்தது. ஜூஸ் ஃபேக்டரியில் பழம் வெட்டப் போனேன். அங்கே பெண்கள் வெட்டிக்கொண்டே என் பாட்டைப் பாடினார்கள். பாதிப் பேருக்குப் புருஷன் வெளிநாட்டில். எனக்கு எதிரில் நின்று வெட்டுகிறவள், "இதைப் பாடினவ எதிர்ல வந்தா ஒரு நாள் கூலியை அப்படியே குடுத்துடுவேன்" என்றாள்.

"எதுக்குக் குடுக்கணும்? நீ கேட்டா அவ பாடினா? காத்துல வந்துது, காதுல உழுந்துது" என்றாள் இன்னொருத்தி.

"கேட்டுட்டு அழுவறேனில்ல, அதுக்கு."

முழங்கைவரை மாம்பழச் சாறோடு அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். நான்தான்டி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். "நீ இன்னா சொல்றே?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ குடுக்க வேணாம்" என்றேன். "யாருக்காகப் பாடினாளோ, அந்த ஆளு குடுப்பான்."

அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஊரே ஓசியில் கேட்டுவிட்டுப் போகட்டும், சிப்பு போய்ச் சேர்ந்து அவர் ஒருத்தர் கேட்டால் எனக்குப் போதும் என்றிருந்தேன்.

சிப்பு ஒருவழியாகக் குவைத்துக்குப் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. மாமியார் பேசிவிட்டு என்னிடம் நீட்டி, வழக்கம்போல ஒட்டி உட்கார்ந்தார்.

"சிப்பு வந்துது" என்றார் என் வீட்டுக்காரர்.

"ம்."

"அதுக்கு முந்தியே கேட்டுட்டேன். புத்தூர்க்காரன் ஒருத்தன் அவன் போன்ல கொண்டாந்தான். எங்க ரூமுல ஆறு பேரு, ஆறு போன்லயும் அதான். ஒருத்தன் கேட்டுட்டு நாள் பூரா துன்னவே இல்ல."

என் மனசு பொங்கியது. "ம்" என்றேன்.

"பேச்சு உங்க பக்கத்துப் பேச்சா இருக்குதே, யாரு பாடினது, தெரியுமான்னு கேட்டானுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தெரியாதுன்னுட்டேன்" என்றார்.

என் பொண்டாட்டி என்று சொல்ல அவருக்கு என்ன செலவாகியிருக்கும்? கேட்க முடியவில்லை. மாமியாரின் முட்டி என் முட்டியில் இடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சொல்றான்?" என்றார் மாமியார்.

"நல்லா இருக்காராம் அத்தை" என்றேன்.