நர்ஸ் தன்னைத் தூக்கிவிடக் கூடாதாம்!

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். பம்பாய்த் தாராவியில் நாங்கள் இருந்த 'சால்' என்கிற வரிசை வீட்டில் எதிரும் புதிருமாக ஒற்றை அறைகள், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து, சந்து முனையில் ஒரே ஒரு குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். முதலில் நிற்கிறவளுக்குக் குடம் நிறையும். கடைசியில் நிற்கிறவளுக்குக் காற்றுதான்.

குழாயடியில் தினமும் சண்டை. ஒருநாள் குடத்தாலேயே ஒருத்தி மண்டையை இன்னொருத்தி உடைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வரிசைப் பெண்கள் கூடி ஒரு வழி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயம் ஆடுவது. யார் முதலில் காயைச் சுற்றி முடித்துப் பழமாகிறாளோ அவளுக்கு அந்த வாரம் முழுக்க முதல் நம்பர். அடுத்துப் பழமாகிறவளுக்கு அடுத்த நம்பர். சிரிப்பாகத் தெரியும், ஆனால் சண்டை நின்றது.

ஆட்டம் வாடகை வாங்குகிற ஓனர் மனைவியின் அறையில். எங்கள் வரிசை அறைகள் எல்லாம் அவள் புருஷனுடையவை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அண்ணியை அந்தப் பக்கம் மைனி என்பார்கள்; எல்லோருக்கும் அவள் மைனி. "ஆட்டம் என் கோலியில, சட்டமும் என்னது" என்பாள். அறையைப் பம்பாயில் கோலி என்பார்கள். ஆட வராதவளுக்குக் கடைசி நம்பர் என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

என் பக்கத்து அறையில் காயல்பட்டினத்து முஸ்லிம் அக்கா ஒருவர் இருந்தார், நாங்கள் லாத்தா என்போம். அவர் புருஷனுக்குப் பை தைக்கிற பட்டறை. வெறும் தாயம் அலுத்துப்போய், அவர்தான் ஒரு புதுசு கொண்டுவந்தார். ஒருத்திக்கு ஒரே காய். அந்தக் காய் ஒரு ஆள். ஆளுக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு திறமை. லாத்தா மீன்காரி, எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் இடித்துக்கொண்டு தாண்டிப் போகலாம். மைனி போலீஸ், யாரையாவது ஒரு முறை ஆடவிடாமல் நிறுத்தி வைக்கலாம். கோடி வீட்டுக்காரி ரயில் ஓட்டுகிறவள், ஒரு தடவை விழுந்ததைப்போல இரண்டு மடங்கு ஓடலாம்.

என்னைக் கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த ஒரு நர்ஸம்மாவின் வெள்ளைச் சேலை மட்டும் மனசில் நின்றிருந்தது. "நர்ஸ்" என்றேன். சரி என்று திறமையும் கொடுத்தார்கள். வெட்டுப்பட்ட ஆளை வெளியே போகவிடாமல், பின்னால் இருக்கிற, யாரும் வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் நான் தூக்கி உட்கார வைக்கலாம். ஒரு ஆட்டத்தில் ஒருத்தியை ஒரு தடவை. என் காய் ஒரு வெள்ளைச் சட்டைப் பித்தான்.

எல்லோரையும் தூக்கிவிட்டேன். யார் வெட்டுப்பட்டாலும் என் பக்கம் கை நீளும். "தூக்கு புள்ள" என்பார்கள். தூக்குவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதல் நம்பர் கட்டாயம் வேண்டியிருந்தது. செம்பூரில் ஒரு கேன்டீனில் சப்பாத்தி போடுகிற வேலை. தண்ணீருக்கு நின்று நின்று முதல் பஸ்ஸை விட்டு, அடிக்கடி தாமதம். இனி ஒரு நாள் பிந்தினாலும் வரவேண்டாம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். உல்லாஸ்நகரில் கடை வேலையில் இருந்த என் புருஷன் அனுப்புவது வாடகைக்கே போய்விடும்.

நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பழத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அப்போது மைனியின் போலீஸ் வந்து என்னை வெட்டியது. ஆட்டம்தானே, கோபமில்லை. பித்தானை எடுத்து, பின்னால் இருந்த மலையில் வைத்தேன்.

"ஏட்டி, எடு அதை" என்றாள் மைனி. "நர்ஸு தனக்குத்தானே ஊசி போட்டுக்கிடுவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

லாத்தா மட்டும், "அப்படி ஒரு சட்டம் இல்லையே மைனி" என்றார்.

"இப்பப் போட்டாச்சுல்லா. அடுத்தவளத்தான் தூக்கணும். தன்னைத் தூக்கப்படாது."

லாத்தா குனிந்துகொண்டார். பட்டறையும் மைனி புருஷனுடைய இடம்தான். நான் பித்தானை எடுத்துவிட்டேன். மறுபடி உள்ளே நுழையத் தாயம் விழ வேண்டும். விழவே இல்லை. கட்டையை உருட்டி உருட்டிக் கை வலித்தது. ஒவ்வொரு தடவையும் மைனி, "ஆஸ்பத்திரி பந்த்!" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கோடி வீட்டுக்காரி மைனியை வெட்டினாள். மைனி பதறவே இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமலேயே, "ம், தூக்கி வை" என்றாள்.

அந்த 'ம்' தான். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அந்த வரிசையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்கு வலி எடுத்தாலும், என் கதவைத் தட்டி இப்படித்தான் 'ம்' என்பார்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கதவும் திறந்ததில்லை.

"தூக்க மாட்டேன்" என்றேன்.

"என்னது?"

"நர்ஸே வெளிய கெடக்கா மைனி. வெளிய கெடக்கிறவ எப்படித் தூக்குவா?"

"வாய் நீளுதே! ஊமைன்னுல்லா நினைச்சிருந்தேன். ஆட்டம் யாரு கோலியில தெரியும்லா?"

"தெரியும். சட்டம் போடுதது நீங்க, தூக்குதது நானு. நான் தூக்கல."

பித்தானை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை எனக்குக் கடைசி நம்பர். என் குடம் குழாய்க்கு வரும் முன்னே தண்ணீர் நின்றுவிட்டது. வெறுங்குடத்தோடு திரும்பினால், என் வாசலில் ஒரு நிறைகுடம். பக்கத்தில் லாத்தா.

எனக்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "நேத்து வாயைத் திறந்திருக்கலாமே லாத்தா" என்றேன்.

"திறந்தேனே புள்ள. மூடவும் செஞ்சுட்டேன். பயம்தான்" என்றார். சமாளிக்கவில்லை. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்; மற்ற நாட்களிலும் லாத்தாவே நிரப்பி வைத்ததால் நான் வரிசையில் நிற்கவில்லை. வேலை தப்பித்தது.

அடுத்த ஞாயிறு என் வாசலில் கரித்துண்டால் நானே கட்டம் போட்டேன். முதலில் வந்து உட்கார்ந்தவர் லாத்தா. அப்புறம் கோடி வீட்டுக்காரி. ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்தார்கள். மைனி வரவில்லை. என் வாசலில் நான் போட்டது ஒரே சட்டம்: அவரவர் திறமை முதலில் அவரவருக்கு, பிறகு மற்றவர்களுக்கு.

மறுநாள் விடியற்காலையில் மைனி குடத்தோடு நேரே குழாயடிக்கு வந்தாள். ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை. "கோலியை காலி பண்ணச் சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க" என்று கத்தினாள். என் பின்னால் நின்ற லாத்தாதான் பேசினார்.

"ஆட வராதவளுக்குக் கடைசி நம்பர் மைனி. நீங்க போட்ட சட்டம்."

அன்று அவர் வாயை மூடவில்லை. மைனி கடைசியில் போய் நின்றாள். அந்த வாரம் அவள் குடத்தில் காற்றுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவளே என் வாசலுக்கு வந்து, போலீஸ் காயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பாதி ஆட்டத்தில் லாத்தா அவளை வெட்டினார். மைனி கை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தூக்கி மலையில் வைத்தேன். கோபம் தீர்ந்ததால் இல்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பதால்.

இப்போது நவி மும்பை நேரூளில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் எனக்கு முட்டுவலி. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு மருமகள் சிரித்துக்கொண்டே, "அத்தைக்கு ஒண்ணும் ஆகாது, எங்க எல்லாரையும் பாத்துக்கிறதே அவங்கதானே" என்றாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போ, பிறகு சமையல்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்தக் கோபத்தை நான் ஆறவிடப் போவதில்லை. என்னைத் தூக்கி உட்கார வைக்க என்னிடம் இருக்கிற ஒரே கை அதுதான்.