தாமதத்துக்குக் காரணம்

தெல்மா நான்கிவெல் இருபத்தெட்டு வருடமாக எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டினாள். இங்கிலாந்தில், கார்ன்வாலில் எங்கள் பக்கத்துச் சந்துகளில் இரண்டு செம்மறி ஆடு எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் அவள் ஒற்றைக் கையால் பஸ்ஸை வளைத்துக்கொண்டு, மற்றக் கையால் யாருக்காவது டாட்டா காட்டிக்கொண்டு போவாள். ஏறுகிறவர் யாரானாலும் "வா கண்ணு" தான். பாதிரியாருக்கும் அதுதான், பாதிரியாரின் நாய்க்கும் அதுதான். அவள் சந்திரனையும் இயற்கையையும் கும்பிடுகிற விக்கா மார்க்கத்தைச் சேர்ந்தவள். ஊர் அவளைச் சூனியக்காரி என்று சொல்லும், அவளும் மறுக்க மாட்டாள்.

நான் டென்சில் கிட்டோ. அதே பணிமனையில் மெக்கானிக். தொழிற்சங்கப் பிரதிநிதி வேலையும் என் தலையில்தான், வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சபையில் பாடுவேன். தெல்மாவின் மதத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சந்திரனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கேக் சாப்பிடுவதை மதம் என்று சொன்னால், எங்கள் சபையின் தேநீர் விருந்தும் தனி மதம்தான் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன். "அது உண்மைதான் கண்ணு, உங்க ஆளுங்க கேக்கைக் கும்பிடறதை நானே பார்த்திருக்கேன்" என்பாள்.

அவர்கள் வழிபாட்டில் எல்லாம் சூரியன் போகிற திசையில் சுற்ற வேண்டும். கடிகார முள் போகிற பக்கம். நம் நாட்டு ரவுண்டானா எல்லாம் அந்தப் பக்கமே சுற்றுவதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. "பாரு டென்சில், பிஷப்பே ஒரு நாளைக்கு நாலு தடவை எங்க பக்கம் சுத்தறாரு."

அவள் புருஷன் கிளெம், வெள்ளைக் களிமண் வெட்டும் குழியில் லாரி ஓட்டியவன். அவனுக்கு எந்தச் சாமியும் கிடையாது. ஆனால் தெல்மாவின் கூட்டம் எங்கே கூடினாலும் நாற்காலி தூக்குவது, விறகு அடுக்குவது, மழை வந்தால் தார்ப்பாய் கட்டுவது எல்லாம் அவன்தான். வழிபாட்டுக்கென்று கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்றைத் தெல்மா வைத்திருப்பாள். அதனால் எதையும் வெட்டவே கூடாது, காற்றில் வட்டம் போட மட்டும்தான். ஒரு நாள் கிளெம் அதை எடுத்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிவிட்டான். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அவன் போய், "வெட்டலையே, தடவத்தானே செஞ்சேன்?" என்று கேட்க, அவள் சிரித்துத் தொலைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

நான் சொல்ல வந்த வருடம், மார்ச் மாதம் கிளெம் போய்விட்டான். காலையில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. தெல்மா இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். அதே "வா கண்ணு". ஆனால் கிளெமின் பேரை மட்டும் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. "எங்க வீட்டுல", "அவரு" என்று சுற்றிச் சுற்றிப் போவாள்.

அக்டோபர் தொடக்கத்தில் அவள் என்னிடம் ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள். முப்பத்தொன்றாம் தேதி விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'மத வழிபாடு' என்று எழுதியிருந்தாள்.

"அன்னிக்கு எங்களுக்கு வருஷக் கடைசி," என்றாள். "அந்த வருஷம் போனவங்க பேரை எல்லாம் பொழுது சாயும்போது வாய்விட்டுச் சொல்லுவோம். அவங்களுக்குன்னு ஒரு தட்டு வைப்போம். வேண்டியவங்கதான் சொல்லணும். எங்க வீட்டுல அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

பிள்ளை குட்டி இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி சரி, காலின்கிட்ட நான் பேசிக்கறேன்" என்று எரிந்து விழுந்தேன்.

காலின் ரோஸ்வேர் எங்கள் மேலாளர். சின்ன வயதில் தெல்மாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனவன். கெட்டவன் இல்லை. ஆனால் அட்டவணையைத் தவிர வேறு எதையும் நம்பாதவன். அந்த மாதம் முழுக்க இரண்டு டிரைவர்கள் முதுகுவலியில் படுத்திருந்தார்கள், ஒருவன் மாதக் கடைசியில் தேனிலவுக்குப் போவதாக இருந்தது. மாற்று ஆளே இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு எங்களுக்கும் ஈத் பண்டிகைக்கு டிரைவர் யூசுபுக்கும் எப்படியோ ஆள் பிடித்துக் கொடுக்கிறானே, அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மதம் என்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். அப்படியானால் இது மதம்தானா என்று பார்த்துவிடலாம் என்றான் காலின். எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டான்.

போகும்போதே தெல்மாவுக்குப் பாடம் எடுத்தேன். "எவ்வளவு பழசுன்னு கேட்டா, 'ரொம்பப் பழசு'ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ."

காலின் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டான். "உங்க மதம் எவ்வளவு காலமா இருக்கு தெல்மா?"

"எழுபது எண்பது வருஷம் இருக்கும் கண்ணு. ரிட்டயர் ஆன சுங்க அதிகாரி ஒருத்தரு ஆரம்பிச்சு வச்சாரு. பழசுன்னு சிலரு சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. எங்க அம்மா அதைவிடப் பழசு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"வேத புத்தகம்?"

"அவங்கவங்க கையால எழுதி வச்சுக்கறதுதான். என்னோடதுல பாதி சமையல் குறிப்பு."

"கோயில்?"

"வானம் நல்லா இருந்தா வெட்டவெளி. மழை பேஞ்சா ஹெதர் வீட்டு கார் ஷெட்."

"தலைவர் யாராவது? ஒரு கடிதம் கொடுக்கற மாதிரி?"

"எங்க எட்டுப் பேருக்கு யாரு கண்ணு தலைவரு? முறை வச்சு நடத்தறோம்."

"ஆள் சேர்க்கறீங்களா?"

"சேரணும்னு யாராவது தானா வந்தாக்கூட, ஒரு வருஷமும் ஒரு நாளும் பொறுத்துக்கோன்னு அனுப்பிடுவோம்."

பொய் சொல்லத் தெரியாத ஆளை விசாரணைக்குக் கூட்டிப் போவது போன்ற தண்டனை ஒரு தொழிற்சங்கக்காரனுக்கு வேறு இல்லை. கடைசியாகக் காலின் பேனாவை வைத்துவிட்டு, "அன்னிக்கு நீங்க போகலைன்னா என்ன ஆகும்? பாவமா? தண்டனை ஏதாவது?" என்று கேட்டான். அவன் வழி விட்டுத்தான் கேட்டான் என்று இப்போது தோன்றுகிறது. 'நரகம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான்.

தெல்மா யோசித்தாள். "ஒண்ணும் ஆகாது கண்ணு. அவரு பேரை யாரும் சொல்லாம இந்த வருஷம் முடிஞ்சிரும். அவ்வளவுதான்."

காலின் விண்ணப்பத்தை இரண்டாக மடித்தான். பிறகு, "மன்னிச்சுக்கோங்க. என் வீட்டுக்காரி மண்பாண்டம் செய்யற வகுப்புக்குப் போறா, அதுக்கும் மனசு நிறைஞ்சு போகுது. அதை மதம்னு சொல்ல முடியாது" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தான். நான் கத்தினேன். தெல்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "அவன் கேட்டதுல தப்பு இல்லை டென்சில். நான் சொன்னதுலயும் தப்பு இல்லை" என்றாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் ஷிப்டுக்கு வந்தாள். நாலு பத்து பஸ் மேட்டு நிலத்தின் விளிம்பில் இருக்கும் செயின்ட் மார்வன் வரை போய், பன்னிரண்டு நிமிடம் நின்று, ஐந்து இரண்டுக்குத் திரும்ப வேண்டும். நிலையத்தில் ஹெதரும் அவர்கள் கூட்டத்தின் மற்ற ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், மாட்டு வைத்தியர், இரண்டு வாத்தியார்கள், எல்லோரும் ஒழுங்காகப் போகவர டிக்கெட் வாங்கினார்கள். பன்னிரண்டு நிமிட இடைவேளையில் டிரைவர் என்ன செய்கிறாள் என்பது டிரைவர் பாடு. அந்த இடைவேளையிலேயே வழிபாட்டை முடித்துவிடலாம் என்ற யோசனை ஹெதருடையது. எனக்கு வேலை முடிந்திருந்தது, அவர்கள் கொண்டுவந்த சூப் பானையோடு நானும் ஏறினேன். பானையை யாராவது பிடிக்க வேண்டாமா?

பஸ் கிளம்பும் நேரத்தில் காலின் எழுதும் அட்டையும் பேனாவுமாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தான். யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள்.

"சோதனையா கண்ணு?" என்றாள் தெல்மா.

"நேரம் பார்க்க வந்தேன்," என்றான்.

செயின்ட் மார்வனில் பஸ் புல்திடலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, சூரியன் போகிற திசையில்தான். மணி நாலு ஐம்பது. மேட்டுக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கி வட்டமாக நின்றார்கள். ஹெதர் கத்தியால் காற்றில் ஒரு சுற்றுப் போட்டாள். நடுவில் ஒரு தட்டு. அதில் தெல்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட ஒரு பாஸ்டியை வைத்தாள். களிமண் குழி ஆட்களுக்குச் சுடுவது போல மூலையில் கிளெம் பேரின் முதல் எழுத்தை மாவிலேயே ஒட்டியிருந்தாள்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஓர் அத்தை, ஒரு பக்கத்து வீட்டுக்காரர், பிறந்து மூன்றே நாள் இருந்த ஒரு பேரக்குழந்தை. அதே பஸ்ஸில் வந்து கோழித் தீவனத்தோடு இறங்கிய கிழட்டு விவசாயி ஜேகோ வீட்டுக்குப் போகாமல் வேலியோரம் நின்றிருந்தார். "நாய் பேரு சொல்லலாமா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றார்கள். "ஃபிளை" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். நான் சிரிக்கவில்லை.

பிறகு தெல்மாவின் முறை.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒருவர் சொல்லி முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள், எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். காத்திருந்தார்கள். மணி ஐந்து ஆயிற்று. ஐந்து இரண்டு ஆயிற்று. நான் காலினைப் பார்த்தேன். அவன் பஸ் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னானானால் சூப் பானையை அவன் தலையில் கவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவன் கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டான்.

இருட்டி, எதிரே இருப்பவர் முகம் மங்கிப்போன பிறகு, "கிளெம்" என்றாள் தெல்மா. "கிளெம் நான்கிவெல்." அதன் பிறகுதான் அழுதாள். மார்ச் மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை. நானும் அழுதேன், சும்மா எதற்கு மறைக்க வேண்டும்.

ஐந்து பதின்மூன்றுக்குப் பஸ் கிளம்பியது. பதினோரு நிமிடம் தாமதம். தாமதமானால் அதற்கென ஒரு தாள் உண்டு, காரணம் எழுதி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். பனி, பழுது, ஆடுகள் என்றுதான் அதில் வழக்கமாக இருக்கும். மறுநாள் காலை அதைக் கோப்பில் வைக்கப் போனபோது காலினின் கையெழுத்தைப் பார்த்தேன். தாமதத்துக்குக் காரணம்: மத வழிபாடு.

நான் தொழிற்சங்கக்காரன், நகல் எடுக்காமல் விடுவேனா?

அடுத்த அக்டோபரில் தெல்மாவின் விண்ணப்பத்தோடு அந்த நகலையும் சேர்த்துக் குத்தி நீட்டினேன். "இது மதம்தானான்னு கேட்டியே. இதோ, உன் கையெழுத்து."

காலின் அதை இரண்டு தடவை படித்தான். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். பிறகு, "அங்க பேரு சொல்றதுக்கு அவங்க ஆளா இருக்கணுமா?" என்று என்னிடம் கேட்டான்.

"ஜேகோ நாய் பேரே சொன்னாரு. யாரு கேட்டா?"

அந்த வருடமும் மாற்று டிரைவர் கிடைக்கவில்லை. தெல்மாவின் நாலு பத்து பஸ்ஸைக் காலினே ஓட்டிப் போனான். அவன் அம்மா அந்தக் கோடையில்தான் இறந்திருந்தாள். தெல்மாவின் கூட்டம் கூடியிருந்த செயின்ட் மார்வனிலிருந்து பஸ் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. காரணம் என்ற இடத்தில் அதே இரண்டு வார்த்தைகள்தான் எழுதியிருந்தான்.