எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தொங்குபாலம்

அறந்தாங்கிப் பக்கம் எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் தொங்குபாலத்தின் நடுவில் நிற்கிறேன். கீழே வெள்ளாறு. கம்பிவடம் உறுதியாக இருக்கிறது. காலடியில் நான்கு பலகைகள் உளுத்துவிட்டன. கட்டிய ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு எங்கும் இல்லை. ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

எதிரே வரும் பெண்ணிடம் நான் யாரென்று சொல்லி, எந்தத் துறை கட்டியது என்று கேட்கிறேன்.

"தொறையாவது! எங்க மாமனாரும் கூட்டாளிகளுந்தாங்க. சவுதியில கிரேன் வேலை பாத்தவங்க, லீவுல வந்து கட்டுனாங்க. அங்கிட்டு இருக்குற புள்ளைங்க ஸ்கூலுக்குப் போக இது ஒண்ணுதான் வழி."

பலகை மாற்றித் தரும்படி மனு எழுதி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மனுநாளில் கொடுக்கப் போகிறாராம். வாங்கிப் படிக்கிறேன். எல்லா விவரமும் சரியாக இருக்கிறது. அதுதான் ஆபத்து.

"குடுக்காதீங்கம்மா. பாக்குறதுக்கு ஒருத்தர் வருவாரு. பதிவேட்டுல தேடுவாரு, பாலம் இருக்காது. கணக்குல இல்லாத பாலத்துக்குப் பலகை போட அவருக்கு வழியில்ல. அனுமதியில்லாத பாலத்தப் பூட்டுறதுக்கு வழி இருக்கு."

"அப்ப பலகைக்கு?"

"நாலு பலகைதான? நீங்களே மாத்திருங்க."

அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைக்கிறார். கணவரை போனில் அழைத்து மரக்கடைக்குப் போகச் சொல்கிறார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"வேலையில இருக்கையில யாருக்காச்சும் இப்படிச் சொல்லியிருக்கீங்களா சார்?"

"இல்லம்மா. அப்ப பூட்ட வர்ற ஆளே நான்தான்."